சூடு ஆறும் முன் எடுத்த எடை

பம்பரத்தை உட்கார்ந்த நிலையில் யாரும் பார்த்ததே இல்லை என்று சொன்னால் அது மிகை. உட்காருவார். நாற்காலியின் நுனியில், அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டியவர் பேருந்தில் உட்காருவது போல. ஒரு கை மேசையைப் பிடித்திருக்கும். பேச்சு பாதியில் இருக்கும்போதே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். திரும்பி வந்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். அதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. தொலைபேசியில் அழைக்கிறவர்கள்கூட "பம்பரம் சார் இருக்காருங்களா" என்றுதான் கேட்பார்கள். இருப்பார். எங்கே என்றுதான் சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்தது காத்திருக்கும் வேலை.

எங்களுடையது சுங்கத்தின் துணி ஆய்வகம். துறைமுகத்துக்குப் பின்னால், பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கிறது. கப்பலில் வரும் துணிச் சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டி, முத்திரையிட்ட உறையில் போட்டு மேலே அனுப்புவார்கள். அது என்ன துணி என்று நாங்கள் சொல்லவேண்டும். பருத்தி மட்டும் என்றால் சுலபம். பாலியஸ்டரும் கலந்திருந்தால் தலைவலி. கலப்புத் துணியில் எந்த இழை எடையில் அதிகமோ, துணி அந்த வீட்டுப் பிள்ளை. பருத்தி அதிகமென்றால் சுங்க அட்டவணையில் பருத்தியின் அத்தியாயத்தில் ஒரு எண். பாலியஸ்டர் அதிகமென்றால் செயற்கை இழையின் அத்தியாயத்தில் வேறு எண். எண் மாறினால் வரி மாறும். வரி மாறினால் முகம் மாறும்.

எது அதிகம் என்பதைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. துணியின் ஒரு துண்டை ஓவனில் நன்றாகக் காயவைத்து எடை பார்ப்போம். பிறகு கந்தக அமிலத்தில் போடுவோம். அமிலம் பருத்தியைத் தின்றுவிடும், பாலியஸ்டரைத் தொடாது. மிச்சத்தைக் கழுவி, மறுபடி காயவைத்து, மறுபடி எடை. காணாமல் போனது பருத்தி, மிஞ்சியது பாலியஸ்டர்.

புதிதாக வருகிறவர்கள் அமிலத்துக்குப் பயப்படுவார்கள். பயப்படவேண்டியது ஆறவைப்பதற்கு. ஓவனிலிருந்து எடுத்த குப்பியை நேரே தராசில் வைக்கக் கூடாது. வெளியிலும் வைக்க முடியாது. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் டெசிக்கேட்டர் என்ற மூடிபோட்ட கண்ணாடிக் கலத்துக்குள் வைத்து, அது அறையின் குளிர்ச்சிக்கு வரும்வரை சும்மா இருக்கவேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு வைத்தால், குப்பியைச் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலே எழுந்து தட்டை மெல்லத் தூக்கும். எடை குறைவாகக் காட்டும். குப்பி ஆற ஆற, தராசின் கடைசி எண் எறும்பு சுவரேறுவது போல ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் பம்பரம் சுற்றுவார். தாழ்வாரத்தில் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் நடப்பார். குழாயைத் திறந்து மூடுவார். கலத்தின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. எதிர்மேசையில் இருக்கும் அமில அக்கா, எங்களில் மூத்தவர், தலையைத் தூக்காமலே கேட்பார்: "ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா?" பழமொழி ஏதோ அடுப்படிக்காகப் பிறந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் ஆய்வகத்துக்காகவே பிறந்தது என்பது அக்காவின் கட்சி.

வேதியியல் படித்துவிட்டு முதலில் மருந்துக் கம்பெனியில் விற்பனைக்கு அலைந்தவர் பம்பரம். அலைவது பிடித்தது, விற்பது பிடிக்கவில்லை. மருத்துவமனை ஒன்றில் அலைந்தபோது பார்த்த செவிலியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாவுக்கு வேலை முறை மாற்றி மாற்றி வரும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் இரவு. பெண் குழந்தை பிறந்து, அது பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், வீட்டில் யாராவது ஒருவர் கடிகாரம் மாதிரி இருந்தாகவேண்டும் என்ற நிலை. அலைச்சலை விட்டுவிட்டு, தேர்வு எழுதி, இந்த நாற்காலியின் நுனிக்கு அவர் வந்தது அதற்காகத்தான். சாயங்காலம் ஆய்வகத்தைப் பூட்டியதும் படியில் தடதடவென்று இறங்குவார். பெண் வீட்டு வாசலுக்கு வரும்போது அவர் உள்ளே இருக்கவேண்டும். அது ஒன்றில் மட்டும் அவர் தவறியதில்லை.

மனைவியின் தம்பி ஒருவன் உண்டு. நிரந்தரமாக எந்த வேலையிலும் இல்லாதவன், நிரந்தரமாகப் பசியோடு இருப்பவன். "அத்தான் உக்காந்தா நாற்காலிக்கே நம்பிக்கை வராது" என்பான். அவர் திருப்பிச் சொல்வது: "நீ எழுந்தா நாற்காலிக்கு அதிர்ச்சி." இந்த இருவரின் பாசம் அந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

சீருடைத் துணி வந்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பள்ளிச் சீருடைச் சட்டை தைக்கும் சிறிய பட்டறைக்காரர் ஒருவர் வரவழைத்த வெளிர்நீலத் துணி. பருத்தி அதிகம் என்று அறிவித்திருந்தார். ஆலையும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தது. ஆனால் மயிரிழை வித்தியாசம், பாதிக்குச் சற்றே மேல். இப்படிப்பட்ட துணிதான் எங்களிடம் வரும். பம்பரம் வழக்கம்போல இரண்டு துண்டு வெட்டி, இரண்டு குப்பியில் போட்டு, காயவைத்து, கலத்துக்குள் வைத்தார். அப்போது பள்ளியிலிருந்து அழைப்பு. மகள் படியில் விழுந்துவிட்டாள், முட்டியில் அடி, வந்து கூட்டிப் போங்கள்.

அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தால் ஒன்றுமில்லை. குப்பிகள் கலத்துக்குள் தாமாகவே ஆறிக்கொண்டிருக்கும். ஆனால் பாதியில் விட்டுப் போவது அவருக்கு ஆகாது. எடையை எடுத்து, அமிலத்தில் போட்டுவிட்டுப் போனால், வருவதற்குள் அமிலம் தன் வேலையைச் செய்திருக்கும் என்று கணக்குப் போட்டார். குப்பியை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தார். கடைசி எண் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டதை எழுதினார். அடுத்த குப்பியையும் அப்படியே.

பெண்ணுக்குப் பெரிய அடி இல்லை. மருந்து போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். மனசு ஆறியிருந்தது. மிச்சத்தைக் கழுவி, காயவைத்து, இந்தத் தடவை நன்றாக ஆறவிட்டு, பொறுமையாக எடை பார்த்தார். பெண் அமில அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு தடவையும் சூட்டோடு எடை பார்த்திருந்தால்கூடத் தப்பும் தப்பும் ஓரளவு ஈடாகியிருக்கும். ஆனால் முதல் எடை அவசரத்தில், கடைசி எடை நிதானத்தில். முழுத்துணியின் எடை குறைந்துபோனதால் மிஞ்சிய பாலியஸ்டர் பெரிதாகத் தெரிந்தது. பருத்தி பாதிக்குக் கீழே சரிந்தது. இரண்டு துண்டுகளின் விடையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது. சேர்ந்து தப்பு செய்த இருவர் சேர்ந்தே ஒரே பொய்யைச் சொல்வது போல. ஒத்துப்போகிறதே என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

சில நாள் கழித்துச் சட்டைக்காரர் மாடியேறி வந்தார். குரல் முதலில் வந்தது, ஆள் பின்னால். கொஞ்சம் பெருத்த உடம்பு, சட்டைப் பையில் ஊசி குத்திய துணித்துண்டு. எங்கள் தலைவரின் அறைக்குப் போகும் வழியில், பம்பரத்தின் மேசை அருகே மூச்சு வாங்க நின்றார். யாரிடம் என்றில்லாமல் கேட்டார்:

"பருத்தின்னு நான் சொன்னது பொய்யாம். ஆலைக்காரன் பொய் சொன்னானா, நான் பொய் சொன்னேனா, இல்ல உங்க தராசு பொய் சொல்லுதா? மூணுல ஒண்ணு சொல்லுங்க, நான் போயிடறேன்."

பம்பரம் எழுந்து போய் ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலைச் சாத்தினார்.

உள்ளே தலைவரிடம் சட்டைக்காரர் கேட்டது மறுசோதனை. அது அவருடைய உரிமை. தலைவர் ஒத்துக்கொண்டார். முத்திரையோடு பத்திரமாக இருக்கும் மீதித் துண்டை அமில அக்கா சோதிப்பார் என்று முடிவானது. எங்கள் இடத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. மறுசோதனை எண்ணையும் பழைய எண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள் என்பது ஒன்று. அந்தச் சராசரியில் யாருடைய எண் தலைகீழாகக் கவிழ்கிறதோ, அவர் ஆய்வகத்தை விட்டுப் பயணிகள் கூடத்துக்குப் போவார் என்பது மற்றொன்று. பெட்டி திறந்து பார்க்கும் வேலை. பகல், சாயங்காலம், இரவு என்று மாறி மாறி வரும். அப்படி நேர்ந்தால் பம்பரமும் மனைவியும் இனி ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்களாக இருப்பார்கள். சில சாயங்காலங்களில் இருவருமே இருக்கமாட்டார்கள். பெண் தானே பூட்டைத் திறக்கவேண்டும்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பு இருந்தது பழக்கம், இது வேறு. முன்பெல்லாம் நடையில் ஒரு தாளம் இருக்கும். இப்போது தாழ்வாரத்தின் நடுவிலேயே நின்று திரும்பிவிடுவார். தேநீரை ஊற்றிக்கொண்டு குடிக்க மறந்துவிடுவார். அமில அக்கா பழமொழியைச் சொல்லவில்லை. தராசின் கடைசி எண் தன் கண்ணுக்குள் ஏறிக்கொண்டே இருந்ததாகப் பம்பரம் பின்னாளில் என்னிடம் சொன்னார். வீட்டில் நடந்ததையும் அவர்தான் சொன்னார்.

மனைவி சாயங்கால வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், விடுமுறை நாள், சூட்டோடு எடை எடுத்ததை அவர் சொல்லிவிட்டார். தயங்கித் தயங்கி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே. அந்த அம்மா சீருடையை மடித்துப் பையில் வைத்தபடி கேட்டார்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

"அக்கா நல்லாத்தான் பார்ப்பாங்க. பருத்தி கூடன்னுதான் வரும். ஆனா என் எண்ணையும் சேர்த்துச் சராசரி போடுவாங்க. மயிரிழைத் துணி. என் எண்ணு அதைக் கீழே இழுத்துடும். அந்த ஆளு பொய் சொன்னதாவே நிக்கும்."

"உங்க வேலையும் அப்படியே நிலைச்சு நிக்கும்."

"ஆமா."

அந்த அம்மா பையின் ஜிப்பை இழுத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்.

"சொல்லுங்கன்னு சொன்னா, என் பொண்ணை நானே தனியா விட்ட மாதிரி ஆகும். சொல்லாதீங்கன்னு சொன்னா, நீங்க நடக்கற நடையில இந்தத் தரை தேஞ்சு கீழ்வீட்டுக்காரங்க தலையில விழுவீங்க. என்னை ஏங்க கேக்கறீங்க? எனக்கு நேரமாச்சு."

போய்விட்டார். படியிறங்கினவர் திரும்பி ஏறி வந்து, மறந்துவிட்ட குடையை எடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் ஒன்று மட்டும் சொன்னார். மருத்துவமனையில் யாராவது காய்ச்சல் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வருமாம். அது புத்திமதி இல்லை, எரிச்சல்தான் என்று பம்பரம் சொன்னார்.

மறுசோதனை நாள் காலையில் அவர் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்திருந்தார். தலைவர் வந்து பையைக்கூட வைக்கவில்லை, பின்னாலேயே உள்ளே போய்விட்டார். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை.

தலைவர் நல்ல மனிதர், ஓய்வு பெறும்வரை எதுவும் நடக்கக் கூடாது என்று மட்டும் விரும்புகிறவர். முழுவதையும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யோவ், இதை ஏன்யா என்கிட்ட சொன்னே? துணியோட ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் வித்தியாசம் இருக்கும்னு எழுதி நான் முடிச்சிருப்பேன். சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதிட்டியே."

"என் எண்ணை எடுத்துருங்க சார். சராசரியில சேர்க்காதீங்க."

"எடுக்கறேன். எடுத்தா ஏன் எடுத்தேன்னு எழுதணும். எழுதினா நீ இங்க இருக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"குழந்தை சின்னது."

"ஆமா சார்."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ வாயைத் திறந்ததுக்கப்புறம் எனக்குக் காது இல்லைன்னு நான் சொல்ல முடியாதுய்யா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது அமில அக்காவைக் கூப்பிடத்தான்.

அக்கா முத்திரையை உடைத்தார். அன்றைக்கு அவர் செய்த வேலையை நாங்கள் எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தோம். எப்போதும் செய்வதைத்தான் செய்தார். வெட்டினார், காயவைத்தார், கலத்துக்குள் வைத்தார், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பம்பரத்துக்கு உள்ளே வர அனுமதி இல்லை. தாழ்வாரத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அவருடைய தலை கண்ணாடியில் தெரிந்து மறையும். கடைசியில் அக்கா எழுந்து, கதவைத் திறந்து, "தம்பி, ஒண்ணு நீ போய் எங்கயாவது உக்காரு, இல்ல நான் போய் நடக்கறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தவிக்க முடியாது" என்றார். அவர் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். நுனியில்தான்.

விடை வந்தபோது சாயங்கால வெயில் மேசைகளின் மேல் சாய்ந்திருந்தது. பருத்தி அதிகம். மயிரிழைதான், ஆனால் அதிகம். தலைவர் நம்பாமல் இன்னொரு தடவை செய்யச் சொல்லி, அதுவும் அப்படியே வந்தது. பழைய எண்ணின் மேல் கோடு விழுந்தது. துணி பருத்தியின் அத்தியாயத்துக்குத் திரும்பியது. கிடங்கிலிருந்து சுருள்கள் வண்டியில் ஏறின.

சட்டைக்காரர் நன்றி சொல்ல வந்தார். நேரே அமில அக்காவிடம் போய், "உங்க கையி நல்ல கையிம்மா" என்றார். பிறகு வாசலில் நின்ற பம்பரத்தைப் பார்த்து, இவர்தான் முதலில் தப்பாகப் பார்த்தவர் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும், வாயைக் கோணினார். "தராசுன்னாலும் ஒரு மனசாட்சி வேணும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அக்கா கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எழுந்தார். பம்பரம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த ஆளுக்கு அவசரம், பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, போகட்டும் என்றார்.

அடுத்த வாரமே அவரைப் பயணிகள் கூடத்துக்கு அனுப்பினார்கள். மேசையைக் காலி செய்ய அவருக்கு ஒரு பையே அதிகமாக இருந்தது. உட்காராதவரிடம் சாமான் சேராது. அவர் மனைவி தன் மேலதிகாரியிடம் நிரந்தரப் பகல் வேலை கேட்டார். வரிசை இருக்கிறது, யாராவது போனால் பார்க்கலாம் என்றார்கள். வேறு வழியில்லாமல் தம்பியைக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் பெண் வரும்போது வீட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை நாள் நான் சும்மா உக்காந்திருந்ததுக்கு ஒரு உத்தியோகம் கிடைச்சுது பாருங்க அத்தான்" என்றான். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டான்.

பயணிகள் கூடம் பெரிய இடம். நீளமான மேசைகள், மேலே எப்போதும் எரியும் வெள்ளை விளக்குகள், வரிசை வரிசையாகக் களைத்த மனிதர்கள். உட்கார நேரமே இல்லை. நாள் முழுக்க நடை. எங்களில் ஒருவர் அவர் அதிர்ஷ்டக்காரர் என்று வேடிக்கையாகச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் கைபேசியைக் கூடவே வைத்துக்கொள்ளக் கூடாது. சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். தேநீர் இடைவேளையில் மட்டும் எடுக்கலாம்.

முதல் சாயங்கால வேலை. மனைவியும் அன்று வார்டில். பள்ளி விடும் நேரம் தாண்டியதிலிருந்து அவருக்குக் கண் பெட்டிகளில் இல்லை. யாரோ ஒருவருடைய பெட்டியைத் திறந்து, மடித்த துணிகளுக்கு மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றிருக்கிறார். அந்த ஆள் பயந்துபோய், தான் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று சத்தியம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

இடைவேளை மணி அடித்ததும் ஓடினார். இரும்புப் பெட்டியைத் திறந்தார். மகளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அம்மாவின் பழைய கைபேசி இப்போது அவளிடம்தான்.

"அப்பா நான் வந்துட்டேன். மாமாதான் இன்னும் வரல. எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்ட இருந்த சாவிய வாங்கி உள்ள வந்துட்டேன். பயமில்ல."

மச்சானுக்கு அடித்தார். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மனைவிக்கு அடிக்க முடியாது, வார்டில் அவருக்கும் இதே மாதிரி ஒரு பெட்டி. யார் தட்டினாலும் திறக்காதே என்று எழுதினார். பயமில்லை என்கிறவளுக்குப் பயம் காட்டுவானேன் என்று அழித்தார். உள்தாழ்ப்பாள் போடு என்று எழுதினார். அப்புறம் மாமா வந்தால் எழுந்து திறக்கவேண்டுமே, ஆனாலும் பரவாயில்லை என்று அதையே அனுப்பினார்.

இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. கைபேசியை வைத்துப் பூட்டினார். இரண்டடி நடந்து, திரும்பி வந்து திறந்து பார்த்தார். பதில் வரவில்லை. பூட்டினார். வரிசையில் முதலில் நின்ற அம்மா, அவர் கேட்பதற்கு முன்பே, தன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.